மூணு மணிச் சங்கு

“பன்னிரண்டு வயசுக்கு முந்தி நீங்க எப்படி இருந்தீங்கன்னு சொல்ல யாராவது இருக்காங்களா?”

டாக்டர் இப்படிக் கேட்டது 2021-ல். எனக்கு அப்போது 44 வயது. மகனுக்காகப் போன இடம் அது. மூன்றாவது தடவை போனபோது அவர் அவனை விட்டுவிட்டு என்னைக் கவனிக்க ஆரம்பித்திருந்தார். அவன் பாட்டுக்கு ஒரு ரப்பர் பேண்டை இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். நான் அவருடைய மேஜைமேல் கிடந்த பேனாக்களை நிறவாரியாக அடுக்கிக்கொண்டே, அவர் கேட்டு முடிக்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏடிஹெச்டி என்று சொல்வதற்கு அதன் அடையாளங்கள் பன்னிரண்டு வயதுக்குள்ளேயே தெரிந்திருக்க வேண்டுமாம். ஆட்டிசத்துக்கு இன்னும் பின்னால், பேச்சு வந்த காலம்வரை போக வேண்டும். ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதற்குக் கிடையாது. பழைய ராங்க் கார்டு, வளர்த்தவர்களின் ஞாபகம், இவைதான் சாட்சி. ராங்க் கார்டு எதையும் நான் பத்திரமாக வைத்திருப்பேன் என்று யாராவது எதிர்பார்த்தால் அவர்களுக்கு என்னைத் தெரியாது என்று அர்த்தம். அம்மாவுக்கு போன் போட்டேன்.

“உனக்கென்ன கொறச்சல்? நல்ல பிள்ளையாத்தான் இருந்த” என்றாள். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “கூறுதான் கெடையாது” என்றாள்.

சரியாகச் சொல்லக்கூடியவள் ஆச்சி. அவள் போய் இருபத்தைந்து வருடம் ஆகிவிட்டது.

எங்கள் ஊர் கோவில்பட்டி. மழை ஏமாற்றினாலும் தீப்பெட்டி ஏமாற்றாது என்பார்கள். எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டை அடுக்கப் போவார்கள். போகாதவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுவார்கள். மைதாவோடு மயில்துத்தம் போட்டுக் காய்ச்சும் பசையின் வாடை வெயிலோடு சேர்ந்து தெரு முழுக்க நிற்கும். ஊருக்கு வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு அந்த வாடைக்குள் போனால் மேல்சட்டையைக் கழற்றிப் போட்டமாதிரி இருக்கும்.

நான் தீப்பெட்டிப் படம் சேர்த்தேன். எல்லாப் பிள்ளைகளும் சேர்த்தார்கள். அவர்கள் சீட்டு மாதிரி விளையாடித் தோற்று, ஜெயித்து, சலித்துப்போய்த் தூக்கிப் போட்டார்கள். நான் விளையாடவே இல்லை, அடுக்கினேன். ஒரு பிஸ்கட் டின் நிறைய. மற்றவர்கள் மயில் ஒரு கட்டு, கிளி ஒரு கட்டு என்று வைப்பார்கள். என் வரிசை வேறு. முதலில் இடப்பக்கம் பார்க்கிற பறவைகள், பிறகு வலப்பக்கம் பார்க்கிற பறவைகள், பிறகு நேராக நம்மையே பார்க்கிறவை. நேராகப் பார்க்கிறவை எனக்குப் பிடிக்காது. அவற்றை டின்னின் அடியில் கவிழ்த்துப் போட்டிருந்தேன்.

இதைச் சொன்னதும் டாக்டர் தலையாட்டி எதையோ குறித்துக்கொண்டார். ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. அடுக்கிக்கொண்டிருக்கும்போதே, நிறத்தை வைத்து அடுக்கினால் என்ன என்று தோன்றும். அந்த நிமிஷமே டின்னைக் கவிழ்த்துவிடுவேன். சிவப்பு முடிந்து பச்சை பாதி வரும்போது, பெயரில் எத்தனை எழுத்து என்று பார்த்து வைக்கலாமே என்று தோன்றும். அதற்குள் வாசலில் ஐஸ்காரன் மணி. ஓடிவிடுவேன். திரும்பி வந்து பார்த்தால் அம்மா வீட்டைப் பெருக்கி, எல்லாவற்றையும் அள்ளி டின்னுக்குள் போட்டிருப்பாள். நான் தரையில் விழுந்து அழுவேன். எப்படி அழுவேன் என்றால், ஒரு தடவை எதிர்வீட்டு மதினி யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்து ஓடிவந்தாள்.

“பரப்பிப் போட்டதும் நீதான், எடுத்து வச்சா அழுததும் நீதான். உனக்கு என்னட்டி வேணும்?” என்பாள் அம்மா. நியாயமான கேள்வி. வைத்தது வைத்த இடத்தில் இருக்க வேண்டும். எங்கே வைத்தேன் என்பது எனக்குத் தெரியாது. இந்த இரண்டையும் ஒரே மண்டைக்குள் வைத்துக்கொண்டு ஒன்பது வயதுப் பிள்ளை என்ன பதில் சொல்லும்?

தீப்பெட்டி பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்த கதையை யாரிடமோ கேட்டு வைத்திருந்தேன். சித்தியைப் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கதையை முழுசாகக் கேட்டார்கள். குச்சியின் தலையில் இருக்கும் மருந்து வேறு, பெட்டியின் பக்கவாட்டில் தடவியிருக்கும் மருந்து வேறு, அதனால்தான் சுவரில் உரசினால் பற்றாது என்பதையும் விளக்கினேன். மாப்பிள்ளையின் அப்பா, “பாப்பா ரொம்ப கெட்டிக்காரி” என்றார். அந்தக் கெட்டிக்காரியை அரைக் கிலோ புளி வாங்கக் கடைக்கு அனுப்பினால், ஒன்றரை மணி நேரம் கழித்துப் புளியும் காசும் ஒரு கால் செருப்பும் இல்லாமல் வருவாள்.

ஊரில் ஒரு மில் இருந்தது. ஷிஃப்ட் மாறும்போது சங்கு ஊதும். காலையில் ஒன்று, பகல் மூன்று மணிக்கு ஒன்று, ராத்திரி ஒன்று. அந்தச் சத்தம் எனக்குக் காது வழியாகப் போகாது; பல்லுக்குள் போகும். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு, எங்கே இருந்தாலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவேன். ஆனால் அந்தச் சங்கு இல்லாவிட்டால் எனக்கு நாளும் இல்லை. ‘இன்னும் அஞ்சு நிமிஷம்’ என்றால் எவ்வளவு என்று அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. கடிகாரம் பார்க்கத் தெரியும். அதைப் பார்க்க வேண்டும் என்பது ஞாபகம் வராது. இதைக் கண்டுபிடித்தவள் ஆச்சிதான். நேரம் சொல்லி அனுப்பினால் இவள் வர மாட்டாள், சத்தம் சொல்லி அனுப்பினால் வருவாள். “மூணு மணிச் சங்கு ஊதுச்சுன்னா என்ன செஞ்சுக்கிட்டிருந்தாலும் போட்டுட்டு வீட்டுக்கு வந்துரணும்” என்று சட்டம் போட்டாள். பிடிக்காத சத்தம், ஆனால் தவறாத சட்டம். நான் அதை ஒருநாளும் மீறியதில்லை.

அதனால் வந்ததுதான் தம்பி தொலைந்த கதை.

1986, முழுப்பரீட்சை லீவு. அப்பா ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாட்டுத் தூக்குவாளியை நான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அன்றைக்குத் தம்பியும் வருவேன் என்று அழுதான். நாலு வயது. கூட்டிப்போனேன். சாப்பாட்டைக் கொடுத்தாயிற்று. திரும்பும் வழியில் ஒரு தீப்பெட்டி ஆபீசின் பின்பக்கம் கழிவுக் காகிதத்தைக் கொட்டியிருந்தார்கள். எல்லாம் அச்சில் நிறம் விலகிப்போன படங்கள். ஒரு குதிரை, குதிரையின் சிவப்பு மட்டும் கால் அங்குலம் தள்ளி நிற்கிறது. இன்னொன்றில் மஞ்சளே விழவில்லை. அந்தமாதிரி நான் பார்த்ததே இல்லை. தம்பியைப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்து, இருந்த காசுக்கு ஒரு பன் வாங்கிக் கையில் கொடுத்து, “அசையாம இரு” என்றேன். இதுவரைக்கும் பொறுப்பான அக்காதான்.

பிறகு என்ன நடந்தது என்று கேட்டால், ஒன்றும் நடக்கவில்லை. வெயில் இல்லை, தாகம் இல்லை, தெரு இல்லை. குதிரையின் சிவப்பு எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது என்று பார்த்து, குறைவாக விலகியதிலிருந்து கூட விலகியதுவரை வரிசை வைத்துக்கொண்டிருந்தேன். ஆட்டிசம் உள்ளவர்களின் கவனம் ஒரு சுரங்கப்பாதை மாதிரி, ஒரு நேரத்தில் ஒன்றுக்குள்தான் முழுசாகப் போகும் என்று டைனா மர்ரேயும் வேறு இருவரும் 2005-ல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். படித்தபோது எனக்கு அந்தக் குப்பைமேடுதான் ஞாபகம் வந்தது. ஏடிஹெச்டியைத் தமிழில் ‘கவனக்குறைவு’ என்று எழுதுகிறார்கள். அன்றைக்கு அந்த மேட்டில் என்னிடம் எது குறைவாக இருந்தது? ஊர்ப்பட்ட கவனம் ஒரே இடத்தில் கொட்டிக் கிடந்தது. அதைத் திருப்பிவிடும் பிடிதான் என் கையில் இல்லை. ஆட்டிசத்துக்கு வைத்த ‘மதியிறுக்கம்’ என்ற சொல்லும் அப்படித்தான். இறுகியிருந்தால் தம்பி ஞாபகம் நழுவியிருக்குமா?

சங்கு ஊதியது.

காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். நின்றதும் படங்களைப் பாவாடையில் அள்ளிக்கொண்டு வீட்டைப் பார்க்க ஓடினேன். சட்டம் சட்டம்தானே.

வீட்டுக்குள் நுழைந்ததும் பாவாடையை விரித்துக் காட்டினேன். “ஆச்சி, மஞ்சளே இல்லாத குதிரை.” அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என் முகத்தையும் என் பின்னால் இருந்த வெறும் வாசலையும் பார்த்தாள்.

“தம்பி எங்கட்டி?”

அந்தக் கேள்வி எனக்குள் எங்கேயும் போய் முட்டவில்லை. தம்பி என்று ஒருவன் இருப்பது அப்போதுதான் மெதுவாக எங்கிருந்தோ வருகிறது. வந்ததும் வாய் அடைத்துக்கொண்டது. டீக்கடை என்று ஒரு சொல். அது நாக்கில் இருக்கிறது, வெளியே வரவில்லை. அம்மா என் தோளைப் பிடித்து உலுக்குகிறாள், கத்துகிறாள். கத்தக் கத்த அந்தச் சொல் இன்னும் உள்ளே போகிறது. “அழுத்தத்தப் பாரு, வாயத் தொறக்காளா பாரு” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நாளெல்லாம் வாயாடுகிற பிள்ளை, பேச வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டால் அது திமிர் என்றுதானே யாருக்கும் படும்?

ஆச்சி மட்டும் கேள்வி கேட்கவில்லை. என் பாவாடையில் இருந்த குதிரையை எடுத்துப் பார்த்தாள். வாசலைப் பார்த்து, “இத எங்க பொறக்குன, கைய மட்டும் காட்டு” என்றாள். நான் கையைத் தெற்கே நீட்டினேன். ஆச்சி அந்த வெயிலில் செருப்பில்லாமல் நடந்தாள். தம்பி அதே பெஞ்சில், வைத்த இடத்தில், டீக்கடைக்காரர் கொடுத்த இரண்டாவது பன்னைத் தின்றுகொண்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தானாம்.

சாயங்காலம் அப்பா வந்து முதுகில் நாலு வைத்தார். அதில் எனக்கு இப்போதும் வருத்தமில்லை. பிள்ளை தொலைந்திருந்தால்? மறுநாள் காலையில் ஆச்சி தம்பியைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். “இனிமே அக்கா உன்னயக் கூட்டிட்டுப் போகல. நீதான் அக்காவக் கூட்டிட்டு வரணும். எங்கயாச்சும் நின்னுட்டான்னா பாவாடையப் புடிச்சு இழு.” அவன் பெரிய உத்தியோகம் கிடைத்தமாதிரி தலையாட்டினான். அம்மாவுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் எங்கே போனாலும் முழுசாகத் திரும்பி வந்தோம்.

பள்ளிக்கூடம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ‘நன்றாகப் படிக்கக்கூடியவள். கவனம் போதாது.’ வருடம் மாறும், கையெழுத்து மாறும், வாக்கியம் மாறாது. எனக்கு வாய்ப்பாடு பதிந்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, எதிர்வீட்டு மதினியின் திண்ணையில். கை சும்மா இருந்தால் என் தலை ஓடிவிடும் என்று ஆச்சிக்குத் தெரிந்திருந்தது. “போயி மதினிக்கு ரெண்டு பெட்டி ஒட்டிக் குடு, அப்படியே வாய்ப்பாடும் சொல்லு” என்று அனுப்புவாள். மடித்து, தடவி, ஒட்டி, தள்ளி. மடித்து, தடவி, ஒட்டி, தள்ளி. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி, அதாவது பன்னிரண்டு பன்னிரண்டு. மதினி கூலி என்று ஒரு கடலைமிட்டாய் தருவாள். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-ல் புவிசார் குறியீடு வாங்கியபோது ஊரே கொண்டாடியது. நான் ஏழு வயதில் ஏறக்குறைய ஒரு வருடம் மத்தியானத்துக்குத் தயிர்சோறும் கடலைமிட்டாயும் தவிர வேறெதையும் தொடவில்லை. ஒரு நாள் காலையில் எழுந்தேன், கடலைமிட்டாய் வாசனையே குமட்டியது. அதற்குப் பிறகு நாலு வருடம் தொடவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

பங்குனியில் செண்பகவல்லி அம்மன் கோயிலில் திருவிழா. அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே நான் தூங்க மாட்டேன். வளையல் கடை, ராட்டினம், தேர், புதுப் பாவாடை. எப்பப் போவோம், எப்பப் போவோம் என்று வீட்டையே ஒரு வழி பண்ணிவிடுவேன். போய்ச் சேர்ந்த அரை மணி நேரத்தில் மேளம், வேட்டு, ஒலிபெருக்கி, அடுத்தவர் வியர்வை, புதுப் பாவாடையின் சரிகை இடுப்பை அறுப்பது என்று எல்லாம் ஒன்றாகக் கூடி, எனக்குள் எங்கோ கயிறு அறுந்துவிடும். ஒரு வருடம் வளையல் கடைப் பலகைக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டேன். “வரணும்னு குதிச்சவளும் இவதான்” என்று அம்மா கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கிற குரல் மேலே கேட்டது. ஆச்சி குனிந்து, தவழ்ந்து, பலகைக்கு அடியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒன்றும் பேசவில்லை. தன் முந்தானையை இரண்டாக மடித்து என் காதோடு சேர்த்துத் தலையைச் சுற்றிக் கட்டினாள். அடுத்த வருடம் நான் குதிக்க ஆரம்பித்தபோது, “போவோம். தேர் நிலைக்கு வந்த பொறவு போவோம். அப்பக் கூட்டம் இருக்காது, கடை இருக்கும்” என்றாள். அதற்குப் பிறகு எல்லா வருடமும் எங்கள் திருவிழா ஊர்த் திருவிழா முடிந்த பிறகுதான்.

என்னை ஏன் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று அம்மாவுக்குக் குற்ற உணர்ச்சி. யார் கண்டுபிடிப்பது? 1943-ல் லியோ கேனர் ஆட்டிசம் பற்றி எழுதிய முதல் கட்டுரையில் 11 பிள்ளைகள். அதில் பெண் மூன்றே பேர். அதற்குப் பிறகும் வெகுகாலம் அது பையன்களின் விஷயமாகத்தான் பார்க்கப்பட்டது. ஏடிஹெச்டி என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் வந்ததே 1987-ல், நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது. அதைவிட வேடிக்கை, ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தால் ஏடிஹெச்டி என்று சேர்த்துச் சொல்லக் கூடாது என்றே அந்தக் கையேடு வைத்திருந்தது. 2013-ல் ஐந்தாம் பதிப்பு வந்தபோதுதான் இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். அதுவரை என்னை மாதிரி ஆள் புத்தகப்படி கிடையாது.

அது புரிந்துகொள்ளக்கூடிய தவறுதான். இரண்டும் ஒன்றை ஒன்று மறைத்து நிற்கும். ஒழுங்கு வேண்டும் என்று ஒன்று இழுக்க, புதுசு வேண்டும் என்று இன்னொன்று இழுக்க, வெளியே இருந்து பார்ப்பவருக்கு ஏதோ கொஞ்சம் கிறுக்குப் பிடித்த சாதாரணப் பிள்ளையாகத் தெரியும். ஏடிஹெச்டிக்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்த முதல் வாரத்தில் எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த சந்தைக்கடை அடங்கியது. அடங்கியதும் டியூப்லைட்டின் ரீங்காரம் கேட்க ஆரம்பித்தது. டாக்டரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, “அது எப்பவும் இருந்தது. இப்பத்தான் உங்களுக்குக் கேக்குது” என்றார்.

டாக்டரைப் பார்க்க அம்மாவால் சென்னைக்கு வர முடியவில்லை. அதனால் சாட்சி சொல்லத் தம்பி வந்தான். தாம்பரத்தில் இருக்கிறான், லீவு போட்டு வந்தான். டாக்டர் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். பொருட்களைத் தொலைப்பாரா என்ற கேள்வி வந்ததும் அவன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

“என்னையே தொலைச்சிருக்கா டாக்டர்” என்றான்.

பன் கதையை அவன் சொன்னது வேறு மாதிரி இருந்தது. அவனுக்கு அன்றைக்குப் பயமே இல்லையாம். அக்கா ‘அசையாம இரு’ என்றால் எப்படியும் சங்குக்கு முன்னால் வருவாள் என்று நினைத்தானாம். சங்கு ஊதும்போது என்னைப் பார்த்திருக்கிறான். கூப்பிட்டிருக்கிறான். “ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கா. எப்படிக் கேக்கும்?” அவன் கூப்பிட்டது எனக்கு முப்பத்தைந்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

கடைசியில் ஒரு கேள்வி. குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா? இவை இரண்டுமே வம்சத்தில் ஓடக்கூடியவை என்று மகனுடைய விஷயத்தில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். நானும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆச்சி ஒரே வெண்கலத் தட்டில்தான் சாப்பிடுவாள். அது துலக்கப் போயிருந்தால் வரும்வரை பட்டினி இருப்பாள். தூணுக்கு வலப்பக்கம்தான் உட்காருவாள். விருந்தாளி அந்த இடத்தில் உட்கார்ந்தால் போகும்வரை நின்றுகொண்டே இருப்பாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய், அங்கே கொடியைக் கண்டு துணி மடித்து, மடிக்கும்போது பொத்தான் இல்லாத சட்டையைக் கண்டு ஊசி தேடி, ஊசி தேடும்போது யாருடைய பழைய கடுதாசியோ கிடைத்து உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாள். பால் அங்கே பொங்கி அடுப்பு அணைந்திருக்கும். அம்மா இதையெல்லாம் ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை. “அவுக அப்படித்தான்” என்பாள்.

“செத்துப்போனவங்களுக்கு நாம எதுவும் எழுத வேண்டாம்” என்றார் டாக்டர். சரி என்று பட்டது. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டார்.

வெளியே வந்து படியிறங்கும்போது நான் தம்பியிடம் வரிசை பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். நிறம் விலகிய குதிரைகளை விலகிய தூரத்தை வைத்து அடுக்கியது எவ்வளவு சரி, அதையே இப்போது அடுக்கினால் எந்தப் பக்கம் விலகியது என்பதையும் சேர்த்துக்கொள்வேன் என்று. கீழ்ப்படி வந்துவிட்டது. பதில் இல்லையே என்று திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம்.

மேல்மாடி வளைவில் வந்துகொண்டிருந்தான். ஒரு கையில் என் பை, இன்னொரு கையில் என் குடை.

“யக்கா, செருப்பப் பாத்தியா?” என்றான்.

குனிந்து பார்த்தேன். மாடியிலேயே கிடக்கிறது.